எண்ணூர் ஆற்றில் ஒரு கொடுவா!

"அப்பா, நம்ம ஊர்ல பாஸ் மீன் கிடைக்குமா?"

முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் என் மகன் கேட்டான். எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறான். ஒரு மாதமாக அவன் போனில் ஓடுவதெல்லாம் அமெரிக்க ஏரிகள்தான். வசந்த காலம், அடிமணல் தெரியும் தண்ணீர், ஒரு படகு, தொப்பி போட்ட இரண்டு பேர். தூண்டிலை வீசுகிறார்கள், மீன் துள்ளுகிறது, கையில் ஏந்தி ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு பத்திரமாகத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். என் அம்மா ஒருநாள் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "திரும்ப விடுறதுக்கு எதுக்குடா புடிக்கிறாங்க?" என்று கேட்டார். அவன் பத்து நிமிஷம் விளக்கினான். அம்மாவுக்குப் பிடிபடவே இல்லை.

"பாஸ் இருக்கு. நம்ம ஊர்ல அதுக்குக் கொடுவான்னு பேரு. உங்க தாத்தாவே புடிச்சிருக்கார்" என்றேன்.

"எங்க?"

"எண்ணூர்ல."

சிரித்துவிட்டான். அவனுக்கு எண்ணூர் என்பது செய்தியில் வரும் ஊர். புகைபோக்கி, கன்டெய்னர் லாரி, கறுப்புத் தண்ணீர். அங்கே போய் யாராவது தூண்டில் போடுவார்களா?

அவன் தாத்தா போட்டார். என் அப்பாவுக்கு எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. நாங்கள் அப்போது திருவொற்றியூரில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். நான் நான்காவது படிக்கும்போது ஒருநாள், கோணிப்பையில் சுற்றிய ஒரு மீன் சைக்கிள் கேரியரில் வந்தது. வால் மட்டும் வெளியே தொங்கியது. தெருவே வந்து பார்த்தது. அந்த வாலின் அகலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அமெரிக்க ஏரி பாஸுக்கும் நம் கொடுவாவுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஆனால் ஆங்கிலத்தில் கொடுவாவுக்கு 'ஆசியக் கடல் பாஸ்' என்றுதான் பெயர். ஆஸ்திரேலியாக்காரர்கள் பாராமுண்டி என்று கொண்டாடுவதும், வங்காளிகள் கடுகு அரைத்துப் பூசி வாழையிலையில் சுற்றி வேகவைக்கும் பேட்கியும், மலையாளிகளின் காளாஞ்சியும் இதே மீன்தான்.

அப்பாவோடு ஆற்றுக்கு வந்துகொண்டிருந்த மீனவர் ஒருவரின் மகன் இன்னும் எண்ணூரில் தொழில் செய்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. எனக்கு அவர் அண்ணன். போன் செய்தேன். "அமாவாசை கழிஞ்சி ரெண்டாம் நாள் வா தம்பி. வெள்ளம் நல்லா ஏறும். பையனையும் இட்டுனு வா" என்றார்.

*

இப்போது எங்கள் வீடு ராயபுரத்தில். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது இந்த ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான். அந்தப் பெருமையை மகனிடம் சொல்ல ஆரம்பித்தபோது கும்மிடிப்பூண்டி ரயில் வந்துவிட்டது. விடியாத நேரம். பெட்டியில் பாதிப் பேர் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் தூங்குகிறவர்கள்.

சித்திரை மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். நாட்டுப் படகுகளுக்கும் ஆற்றில் தொழில் செய்கிறவர்களுக்கும் தடை இல்லை. வரத்து குறைவதால் வருஷத்தில் அவர்கள் மீனுக்குக் கொஞ்சம் மரியாதை கிடைப்பதும் இந்த இரண்டு மாதம்தான்.

திருவொற்றியூர் தாண்டி, விம்கோ நகர், கத்திவாக்கம், அப்புறம் எண்ணூர். ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். குப்பத்துத் தெருவில் ஒரு அக்கா இட்லி அவித்துக்கொண்டிருந்தார். அண்ணன் அங்கேயே நின்றிருந்தார். "நாஸ்தா துன்னுட்டு ஏறுங்க. படவுல வயிறு காலியா இருந்தா தலை சுத்தும்" என்று மகனுக்கு நான்கு இட்லி வைக்கச் சொன்னார்.

எண்ணூர் ஆறு என்று நாங்கள் சொல்வது கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகம். பூண்டி ஏரியைத் தாண்டி வரும் ஆறு இங்கே கடலைத் தொடுகிறது. பக்கிங்ஹாம் கால்வாய் குறுக்கே வந்து சேர்கிறது. வடக்கே உப்பங்கழி பழவேற்காடு ஏரி வரைக்கும் நீள்கிறது. 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய்தான் பிற்பாடு பக்கிங்ஹாம் கால்வாயாக நீண்டது. வெள்ளைக்காரத் துரைமார் அந்தக் காலத்தில் காற்று வாங்கவும் படகு விடவும் எண்ணூருக்கு வந்தார்கள் என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். நானே பாதிதான் நம்புகிறேன்.

படகு கிளம்பியபோது வடக்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. மகன் தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அடியில் காலை வைத்தால் சாம்பல் நிறச் சேறு. அண்ணன் கழியை ஊன்றிக் காட்டினார். முழங்கால் ஆழம்தான்.

"இந்த இடத்துல உங்க தாத்தா கழுத்தளவு தண்ணில நின்னு தூண்டி போட்டாரு. இப்ப பாரு. சாம்பல் வந்து வந்து தூந்து போச்சு."

நிலக்கரியை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் கொண்டுபோகிறார்கள். வருஷக்கணக்கில் அந்தக் குழாய்கள் கசிந்ததில் ஆற்றின் ஆழம் போய்விட்டது. அனல்மின் நிலையத்தில் குளிர்விக்கப் பயன்படுத்திய வெந்நீரும் இங்கேதான் வந்து விழுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்து ஆறு முழுக்கப் படர்ந்ததை நீங்களும் டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். மீனவர்கள் கையாலும் பக்கெட்டாலும் எண்ணெயை அள்ளினார்கள். கூழைக்கடாக்கள் கறுப்பாகித் திரிந்தன. அண்ணனும் அள்ளியவர்களில் ஒருவர். "கை எரிச்சல் அடங்க எத்தினியோ நாள் ஆச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கழியை ஊன்றினார்.

*

முகத்துவாரத்தை நெருங்கும்போதுதான் அது நடந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீரில் ஒரு கோடு தெரிந்தது. இந்தப் பக்கம் பழுப்பு, அந்தப் பக்கம் பச்சை. அந்தக் கோடு மெதுவாக எங்களை நோக்கி நகர்ந்து, படகுக்கு அடியில் புகுந்து, ஆற்றுக்குள் போனது. கால் மணி நேரத்தில் நாங்கள் பச்சைத் தண்ணீரில் நின்றோம். மகன் குனிந்து பார்த்தான். ஒரு கை ஆழத்துக்கு அடியில் மணல், அதில் ஒரு நண்டு குறுக்கே நடந்தது.

"அப்பா, தெரியுது!"

"ரெண்டு மூணு மணி நேரம் இப்படித்தான் இருக்கும். அப்பால வத்தம் வந்தா பழைய தண்ணி எறங்கிடும். இந்த வெள்ளத்தோடதான் கொடுவா உள்ள வரும். இந்த வாய் மூடிக்கிச்சின்னா ஆறு செத்துது" என்றார் அண்ணன்.

அதில் மிகை இல்லை. கொடுவாவுக்கு ஆறும் வேண்டும், கடலும் வேண்டும். முட்டையும் குஞ்சும் உப்புத் தண்ணீரில்தான் பிழைக்கும். குஞ்சுகள் கழிமுகம் வழியாக ஆற்றுக்குள் ஏறி வளரும். பெரிதான பிறகு இனப்பெருக்கத்துக்குக் கீழே இறங்கி வரும். நடுவில் இருக்கும் இந்த ஒரு வாசல் மணல் மேடிட்டு அடைபட்டால் போக்குவரத்து நின்றுவிடும். மழை இல்லாத மாதங்களில் ஆற்றில் தள்ளுவதற்குத் தண்ணீர் இருக்காது, மணல் சேரும். குப்பத்து மக்கள் முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லி ஓயாமல் கேட்பது இதற்காகத்தான்.

முதலில் இரை. அண்ணன் வீச்சு வலையைத் தோளில் மடித்து, ஒரு ஓரத்தைப் பல்லில் கவ்வி வீசினார். வட்டமாக விரிந்து விழுந்தது. நாலைந்து வீச்சில் பத்துப் பதினைந்து இறாலும் விரல் நீள மடவைகளும் கிடைத்தன. ஒரு வீச்சில் வலை அடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் கொத்தாகக் கறுப்புச் சிப்பிகள்.

"காக்கா ஆழி" என்றார் வெறுப்போடு.

தென் அமெரிக்கச் சிப்பி இது. கப்பல்கள் பாரத்துக்காக நிரப்பிக்கொண்டு வரும் தண்ணீரில் வந்திருக்கலாம் என்கிறார்கள். ஆற்றின் அடியில் பாய் விரித்தது போலப் பரவி, நாட்டு மட்டியை மூடிவிட்டது. இறால் புதையும் சேறு அதற்கு அடியில் போய்விட்டது. கால் வைத்தால் அறுக்கும், வலையைக் கிழிக்கும். தூண்டிலை என்ன செய்யும் என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

பாலத்துத் தூண்களை ஒட்டிப் படகைக் கட்டினோம். கொடுவா துரத்திப் பிடிக்கிற மீன் இல்லை. தூண், வேர், பாறை எதையாவது ஒட்டி ஒளிந்து நின்று, வெள்ளத்தில் மிதந்து வருவதை அப்படியே உறிஞ்சும். உயிர் இறாலை எப்படிக் கோப்பது என்று அண்ணன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். தலையில் கறுப்பாகத் தெரியும் புள்ளியில் முள் படக் கூடாது. அதற்கு முன்னால், கொம்புக்கு அடியில் குத்த வேண்டும். அப்போதுதான் இறால் நீந்தும்.

மகன் ஆசை ஆசையாகக் கொண்டுவந்திருந்த ராடையும் ரீலையும் பார்த்து அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. நரம்பை மட்டும் விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, கடைசி ஒரு முழத்துக்குத் தடித்த நரம்பைக் கட்டிக்கொடுத்தார். கொடுவாவின் வாயில் பெரிய பல் கிடையாது. ஆனால் செவுள் மூடியின் ஓரம் பிளேடு. தலையை ஒரு சிலுப்பு சிலுப்பினால் மெல்லிய நரம்பு அறுந்துவிடும்.

அண்ணனுக்கு ராடு கிடையாது. கட்டையில் சுற்றிய நரம்பு, ஒரு விரல். அவ்வளவுதான்.

முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. வெயில் ஏறியது. சரக்கு ரயில் ஒன்று தூரத்தில் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. மகன் ஐம்பத்தெட்டு வரை எண்ணினான். அப்போது தூணுக்குப் பின்னால் 'தப்'பென்று ஒரு சத்தம். யாரோ தண்ணீரில் உள்ளங்கையால் அறைந்த மாதிரி.

"இருக்கான்" என்றார் அண்ணன், குரலைத் தாழ்த்தி.

மகனின் நரம்பு இழுபட்டது. பதறி எழுந்து இழுத்தான். ஒரு கணம் எடை இருந்தது, மறுகணம் இல்லை. சுற்றிப் பார்த்தால் நரம்பு சுத்தமாக அறுந்திருந்தது. செவுள் இல்லை, காக்கா ஆழி. மீன் தூணைச் சுற்றி ஓடியதில் சிப்பி அறுத்துவிட்டது. பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த அரை மணியில் ஒன்று மாட்டியது. ஒரு சாண் நீளம். சின்னக் கொடுவா. வெள்ளி உடம்பு, குழிந்த நெற்றி, வெயிலில் இளஞ்சிவப்பாக மின்னும் கண். மகன் ஈரக் கையால் பிடித்து முள்ளை எடுத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "பெரியப்பா, விட்டுடலாமா?" என்றான்.

"கால் கிலோ கூட வராது. வுடு. வளந்து வரட்டும்."

விட்டான். அது வாலை ஒரு தட்டு தட்டிவிட்டு மறைந்தது. வீடியோவில் பார்த்ததெல்லாம் அவனுக்கு அந்த ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது.

வெள்ளம் நின்று, தண்ணீர் அசையாமல் இருக்கும் நேரம் ஒன்று உண்டு. அப்போதுதான் அண்ணனின் விரலில் இருந்த நரம்பு நகர்ந்தது. அவர் எழவில்லை. இரண்டு முழம் விட்டுக்கொடுத்தார். பிறகு ஒரே வெட்டு. பத்தடி தூரத்தில் தண்ணீர் வெடித்தது. மீன் முழு உடம்பும் வெளியே வந்து, வாயைத் திறந்து, தலையை இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு விழுந்தது. மகன் கத்தியேவிட்டான். அண்ணன் படகைக் கழியால் தள்ளி மீனைத் தூணிலிருந்து பிரிக்கச் சொன்னார். நான் தள்ளினேன், உளறிக்கொட்டி. பத்து நிமிஷமோ பதினைந்தோ. கடைசியில் கீழ்த்தாடையில் கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்கினார். நாலு கிலோவுக்குக் குறையாது. நான் வாலைத்தான் பார்த்தேன்.

மகன் மீனின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். போட்டோ எடுக்கவில்லை.

"பெரியப்பா, இது பொம்பளை மீனா இருக்கும். கொடுவா மொதல்ல ஆணா இருந்து, பெருசானப்புறம்தான் பெண்ணா மாறும். படிச்சேன். இது முட்டை போடுற மீன். இதையும் விட்டுடலாம்."

அவன் சொன்னது சரி. கொடுவா அப்படித்தான். சில வருஷம் ஆணாக வாழ்ந்து, எடை கூடிய பிறகு பெண்ணாகிறது. ஆற்றில் பெரிய மீனையே எடுத்துக்கொண்டிருந்தால் எடுப்பதெல்லாம் தாய் மீன்தான்.

அண்ணன் பேசவில்லை. மீன் படகின் அடியில் வாலை அடித்தது. நான் சங்கடத்தில் ஒரு காரியம் செய்தேன். "அண்ணே, இதோட காசை நான் குடுத்துடறேன். பையன் ஆசைப்படறான்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. கோபம் இல்லை.

"தம்பி, எட்டு நாளா ஊட்டுக்கு வெறும் கெளுத்தியும் நாலு மடவையும்தான் எத்துனு போறேன். இன்னிக்கிக் கொடுவா. இத்தை வுட்டுட்டு உன் காசை எத்துனு போனா, ஊட்ல நான் இன்னா புடிச்சேன்னு சொல்றது?"

பிறகு மகனின் தலையில் கை வைத்தார். "நீ சொல்றது தெரியும் கண்ணு. எங்க அப்பனும் சொல்வாரு, சினை மீனைத் தொடாதேன்னு. அப்ப ஆத்துல தொடாத வுடறதுக்கு மீன் இருந்துச்சு."

மகன் ஒன்றும் பேசவில்லை. ஈரக் கோணியை எடுத்து மீனின்மேல் போர்த்தினான்.

*

கரையில் அண்ணி மீனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தெருமுனையில் பலகை போட்டு உட்கார்ந்தார். நாங்களும் ஓரமாக நின்றோம். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் கொடுவாவைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

"எந்த ஊர் மீனு?"

காசிமேடு என்று சொல்லியிருக்கலாம். பழவேற்காடு என்றிருந்தால் இன்னும் விலை கிடைத்திருக்கும். அண்ணி, "நம்ம ஆத்து மீனுதான். காலைல புடிச்சது" என்றார். அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கிளம்பிவிட்டார். எண்ணெய்க்கு அப்புறம் நிறையப் பேர் இப்படித்தானாம். கடலில் பிடித்ததாக இருந்தாலும் எண்ணூர் என்று காதில் விழுந்தால் போதும்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிலக்கரிச் சாம்பலில் கன உலோகங்கள் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டில் குழந்தை இருக்கிறவர் யோசிக்கத்தான் செய்வார். அந்தச் சாம்பலை ஆற்றில் விட்டது அண்ணி இல்லை, அவ்வளவுதான் என் வருத்தம். 1997-லேயே கொடுவாவைக் குஞ்சு பொரிக்க வைத்த மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இதே சென்னையில்தான் இருக்கிறது. பண்ணைக் கொடுவா சந்தைக்கு வருகிறது. ஹோட்டலுக்கு அது போதும். ஆற்றுக்காரருக்கு?

அரை மணி கழித்து ஒரு பெரியவர் வந்தார். ஊர் எதுவென்று கேட்கவில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்தார். "ரொம்ப நாளாச்சும்மா இதைப் பாத்து" என்று நடுத்துண்டு மொத்தமும் வாங்கிக்கொண்டார். மீதி துண்டு துண்டாகப் போனது. தலையை மட்டும் அண்ணி எடுத்துத் தனியாக வைத்திருந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "உங்க அப்பாரு இருந்தா தலையைத்தான் கேப்பாரு" என்றார்.

திரும்பும் ரயிலில் மகனுக்கு ஒரு கதை சொன்னேன். உலகத்திலேயே பெரிய ஏரி பாஸைப் பிடித்தவர் ஜார்ஜ் பெர்ரி என்ற அமெரிக்கர். 1932 ஜூன் மாதம், ஜார்ஜியா மாநிலத்தில். எடை பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 2009-ல் ஜப்பானின் பீவா ஏரியில் ஒருவர் அதைச் சமன் செய்தார், அவ்வளவுதான். பெர்ரி அந்த மீனை என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்கு எடுத்துப் போனார், குடும்பமாகச் சாப்பிட்டார்கள். அது பஞ்சம் பிழைத்த காலம். மீனைப் பிடித்து விடும் பழக்கம் அங்கே போட்டிகளில் பரவியது 1972-க்குப் பிறகுதான்.

"அப்ப பெரியப்பா பண்ணது சரிங்கறியா?"

"நான் காசு குடுக்கறேன்னது தப்புங்கறேன்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் சின்னது இந்நேரம் எங்க இருக்கும்?" என்றான். வத்தம் ஆரம்பித்திருக்கும். பழைய தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். தூணுக்கு அடியில் ஒதுங்கியிருக்கும் என்றேன்.

வீட்டில் அம்மா பையைத் திறந்து பார்த்தார். எண்ணெய் வந்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில் ஆற்று மீன் நுழைந்ததில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"எண்ணூர் ஆத்துக் கொடுவாவா?"

"ஆமாம்மா."

அம்மா தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செவுளில் விரல் படாமல் எடுக்க அவருக்கு இன்னும் தெரிந்திருந்தது.

"புளியை ஊற வைங்க" என்றார்.